தத்துச் சட்டமும் தலைவிதியும்

ஒரு தேசத்துக் குழந்தையை மற்றொரு தேசத்தார் தத்து எடுப்பது என்பது கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது போன்ற காரியமல்ல. இரண்டு சர்க்கார்களின் சம்மதம் வேண்டும். தத்து எடுக்கிறவர்களின் வீடு, வருமானம், தேகநிலை, நடத்தை எல்லாம் விசாரிக்கப்பட வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். இந்தக் காகிதங்களுக்கெல்லாம் கெடு உண்டு. கெடு தாண்டினால் மறுபடியும் எடுக்க வேண்டும். இப்படியே வருஷக் கணக்கில் ஆகும். அதற்குள் அந்தக் குழந்தையின் படம் அந்த வீட்டுச் சுவரில் ஏறிவிடுகிறது. பலர் அநாதை விடுதிக்கே போய், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி, “மறுபடியும் வந்து உன்னை அழைத்துப் போகிறோம்” என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். இந்த நிலையில் சட்டம் மாறிவிட்டால் அந்தக் குழந்தையின் கதி என்ன என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

இதைக் கேட்டவுடன் சிலர், “அதன் விதி அவ்வளவுதான்” என்று சொல்லிவிடுவார்கள். நம் பாஷையில் சர்க்கார் எழுதும் விதிக்கும், கடவுள் எழுதினதாகச் சொல்லப்படும் விதிக்கும் ஒரே வார்த்தைதான் இருக்கிறது. இந்த ஒரு வார்த்தையின் மறைவில் எத்தனையோ அக்கிரமங்கள் நடந்துவிடுகின்றன. ஆனால் இங்கே விதியை எழுதினவர் யார், எந்தத் தேதியில் எழுதினார், எதற்காக எழுதினார் என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதியாகும்.

முதலில் ருஷியாவை எடுத்துக் கொள்வோம். 1991-க்குப் பிறகு சுமார் 20 வருஷ காலத்தில் ஏறக்குறைய 60,000 ருஷியக் குழந்தைகள் அமெரிக்காவுக்குத் தத்துப் போயின. இதில் குறைகள் இல்லாமலில்லை. 2008-ல் அப்படிப் போன ஒரு குழந்தை, வெயிலில் நிறுத்தின மோட்டார் காருக்குள் விடப்பட்டு மாண்டுபோயிற்று. குறைகளைச் சரிப்படுத்துவதற்கென்று இரண்டு சர்க்கார்களும் 2011 ஜூலையில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது 2012 நவம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. விலகிக்கொள்ள விரும்பும் தரப்பு ஒரு வருஷ நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது அதில் கண்ட நிபந்தனை. இதுவரை சரிதான்.

பிறகு நடந்ததென்ன? அதே வருஷம் டிசம்பர் 14-ந் தேதி, ருஷிய உத்தியோகஸ்தர்கள் சிலர்மீது மனித உரிமைகளை மீறினதாகத் தடை விதிக்கும் சட்டமொன்றில் அமெரிக்கத் தலைவர் கையெழுத்திட்டார். அதற்குப் பதிலடியாக, டிசம்பர் 28-ந் தேதி ருஷியத் தலைவர் புட்டின், இனி அமெரிக்கர் எவரும் ருஷியக் குழந்தைகளைத் தத்து எடுக்கக்கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். நான்கே நாளில், 2013 ஜனவரி 1-ந் தேதி, அது அமலுக்கு வந்துவிட்டது. காரில் மாண்ட அந்தக் குழந்தையின் பேரையே சட்டத்துக்குச் சூட்டினார்கள். ஒப்பந்தம் மட்டும் காகிதத்தில் இன்னும் ஒரு வருஷம் உயிரோடிருந்தது!

நீதிமன்ற உத்தரவு ஏற்கெனவே கைக்கு வந்தவர்கள் தப்பினார்கள். குழந்தையை நேரில் பார்த்துப் பழகி, காகிதங்களையெல்லாம் முடித்து, உத்தரவு ஒன்றுக்காக மட்டும் காத்திருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். அந்தக் குழந்தைகளில் நோயாளிகளும் அங்க ஈனமுள்ளவர்களும் இருந்தார்கள். உத்தியோகஸ்தர்களுக்குள் சண்டை என்றால் உத்தியோகஸ்தர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். அதற்கு அநாதை விடுதிக் குழந்தையையா பணயம் வைப்பது என்று கேட்கிறோம்.

இப்படி ஏமாந்தவர்களில் 45 அமெரிக்கர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2017 ஜனவரி 17-ந் தேதி தீர்ப்பு வந்தது. காரியம் எந்த நிலையில் இருக்கிறதென்று பாராமல் எல்லோரையும் ஒரேயடியாகத் தடுத்தது, தேசத்தைப் பார்த்துச் செய்த பாரபட்சம் என்று நீதிமன்றம் சொல்லிற்று. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் நான்கு வருஷம் போய்விட்டது. வளருகிற குழந்தைக்கு அந்த நான்கு வருஷத்தை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்க முடியும்?

ருஷியாவோடு இது நின்றுவிடவில்லை. சீனா 1992 முதல் 1,60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை அன்னிய தேசங்களுக்குத் தத்துக் கொடுத்தது. 2020-ல் கொரோனா வந்ததும் காரியங்கள் நின்றன. குழந்தை இன்னதென்று குறிக்கப்பட்ட நிலையிலேயே பல குடும்பங்கள் வருஷக் கணக்கில் காத்திருந்தன. 2024 செப்டம்பர் 5-ந் தேதி, நெருங்கிய உறவினர் பிள்ளையையோ மறுமணத்தில் வந்த பிள்ளையையோ தவிர வேறு எந்தக் குழந்தையையும் இனி வெளிதேசத்தாருக்குக் கொடுப்பதில்லை என்று சீன சர்க்கார் அறிவித்தது. காத்திருந்தவர்களின் காரியம் எந்தப் படியில் இருந்தாலும் நடவாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்படிச் சொல்வதால், சட்டமே மாறக்கூடாது என்று நாம் சொல்வதாக யாரும் கருத வேண்டியதில்லை. மாற வேண்டிய சட்டம் மாறத்தான் வேண்டும். குவாத்தமாலா தேசத்திலிருந்து 2007-ம் வருஷத்தில் மாத்திரம் சுமார் 4,700 குழந்தைகள் அமெரிக்காவுக்குப் போயின. ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் கொடுத்தும், பிள்ளைகளைத் திருடியும் தரகர்கள் கொழுத்தார்கள். இதை நிறுத்த அந்த வருஷம் டிசம்பர் 31-ந் தேதி புதுச் சட்டம் வந்தது. அதை நாம் ஆதரிக்கிறோம். பெற்றவளை ஏமாற்றிப் பறித்த பிள்ளைக்குத் தத்து என்று பேர் வைத்தால் அது யோக்கியமாகிவிடாது. அப்படிப்பட்ட தேசத்தில்கூட, ஏற்கெனவே ஆரம்பித்துப் பதிவான காரியங்கள் பழைய முறைப்படியே முடிக்கப்பட இடம் வைத்தார்கள்.

அன்றியும், 1993-ல் ஹேக் நகரில் செய்யப்பட்ட சர்வதேசத் தத்து ஒப்பந்தத்தின் 41-வது பிரிவு, ஒப்பந்தம் இரு தேசங்களிலும் அமலுக்கு வந்தபின் வரும் மனுக்களுக்கே அது பொருந்தும் என்கிறது. 2008 ஏப்ரல் 1-ந் தேதி அமெரிக்காவில் அது அமலானபோது, முன்னமே மனுப் போட்டவர்கள் பழைய வழியிலேயே போக அனுமதிக்கப்பட்டார்கள். ஆகவே வழி தெரியாமல் யாரும் இல்லை. மனம்தான் இல்லை.

நம் தேசத்துச் சங்கதியும் இப்படித்தான். தத்து உத்தரவு போடும் அதிகாரம் 2022 செப்டம்பர் 1-ந் தேதி முதல் நீதிமன்றங்களிடமிருந்து ஜில்லா மாஜிஸ்திரேட்டுகளுக்கு மாற்றப்பட்டது. தாமதத்தைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். ஆனால் நிலுவையில் இருந்த வழக்குகளையும் சேர்த்து மாற்றியதால், முடியும் தறுவாயில் இருந்தவர்களும், வெளிதேசத்தார் உள்பட, மறுபடியும் ஆரம்பிக்க வேண்டுமோ என்று திகைத்தார்கள். 2023 ஜனவரியில் பம்பாய் ஹைகோர்ட்டு தலையிட்டு, தன்னிடமிருந்த வழக்குகளைத் தொடர்ந்து விசாரிக்க உத்தரவிட வேண்டியதாயிற்று. தாமதத்தைக் குறைக்க வந்த சட்டமே தாமதத்தை உண்டாக்கினால் அதை என்னவென்று சொல்வது?

ஆகவே நாம் கேட்பது ஒன்றேதான். தத்துச் சட்டத்தை எந்தச் சர்க்கார் மாற்றினாலும், குழந்தையும் பெற்றோரும் இன்னாரென்று குறிக்கப்பட்டுவிட்ட காரியங்களில், மோசடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, இல்லாதவைகளை இத்தனை நாளுக்குள் முடித்துக் கொடுப்போம் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு எழுதட்டும்.

காத்திருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உத்தரவு கைக்கு வருமுன் குழந்தையிடம் தேதி சொல்லாதீர்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் நகலும், வாய்ச்சொல்லுக்குப் பதில் எழுத்தும் கேட்டு வாங்குங்கள். சட்டம் மாறினால் வேண்டுதலுக்குப் போவதைவிட, உங்களைப்போல் அகப்பட்டுக்கொண்டவர்களைத் தேடிச் சேர்ந்து கேளுங்கள். அந்த 45 பேருக்கும் குழந்தை கிடைக்கவில்லைதான். ஆனாலும் செய்தது அநியாயம் என்று உலகறியச் சொல்லவைத்தார்கள். மனிதன் எழுதின விதியை மனிதன் திருத்தி எழுதலாம். திருத்துகிறவரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான் நம் வேலை.