முப்பதாயிரம் ரூபாய் விளையாட்டுச் சாமான்

சிதம்பரத்தில் இன்ஜினீயரிங் படிக்கும் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணும். முப்பதாயிரம்."

நான் பி.காம். எந்தச் செலவுக்கும் வவுச்சர் கேட்கிற ஜாதி. "எதுக்குடா?"

"புயலைக் கணிக்க."

கம்ப்யூட்டரில் டுமீல் டுமீல் என்று சுட்டு விளையாட வாங்குகிற சமாசாரம் அது என்பது எனக்கும் தெரியும். கடலூரிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்கப் போனவனை உட்காரவைத்துப் பாடம் நடத்தினான்.

கம்ப்யூட்டரின் பிராசஸர் ஆடிட்டர் மாதிரி. எந்தச் சிக்கலையும் தீர்ப்பார், ஆனால் ஒவ்வொன்றாக. கிராஃபிக்ஸ் கார்டு என்பது ஆயிரக்கணக்கான குட்டிக் கணக்குப்பிள்ளைகள். பெருக்கு, கூட்டு, அவ்வளவுதான் வேலை. ஆனால் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் போடுவார்கள். திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் பூச வந்த கூட்டம் இது. நியூரல் நெட்வொர்க்குக்கும் வேண்டியது அதே பெருக்கல், கூட்டல்தான்.

2012-ல் டொரான்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்ற மாணவர், விளையாட்டுக்கு விற்ற ஜிடிஎக்ஸ் 580 கார்டு இரண்டை வைத்து, 12 லட்சம் படங்களை ஐந்தாறு நாளில் நெட்வொர்க்குக்குப் பழக்கினார். இமேஜ்நெட் போட்டியில் இரண்டாவது வந்தவரின் தப்பு 26 சதவீதம்; இவருடையது 15.

"சரி, புயல் எங்கேடா?"

2022-ல் வந்த 'ஃபோர்காஸ்ட்நெட்'. உருவாக்கியவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அனிமா ஆனந்தகுமார். இந்தக் கார்டுகளின் பெரியண்ணன்கள் 64 பேரைப் பூட்டி, 1979 முதலான வானிலைப் பதிவுகளைப் புகட்டினார்கள். ஒரு வாரத்து வானிலையை இரண்டு செகண்டுக்குள் சொல்லிவிடும். தப்பும் பண்ணும். ஆனால் இந்த வேகத்தில், ஆரம்ப நிலவரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி நூறு தடவை ஓட்டி, புயல் எங்கெல்லாம் திரும்பலாம் என்று பார்த்துவிடலாம்.

2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அக்காவின் தோப்பும்தான். அப்போது பொடியனாக இருந்தவன் விழுந்த மரத்தில் ஏறி விளையாடினான்.

"புயல் தெரிஞ்சா மட்டும் மரத்தைத் தூக்கிட்டு ஓட முடியுமாடா?"

"முடியாது மாமா. ரெண்டு நாள் முன்னாடியே நம்ம ஊருக்குத்தான்னு உறுதியாத் தெரிஞ்சா கிளையாவது கழிக்கலாம். நாலு மரம் நின்னிருக்கும். அம்மா அவ்வளவு அழுதிருக்க மாட்டா."

வவுச்சர் கேட்காமல் பணத்தை அனுப்பினேன்.

படியிறங்கினால், மேலே அவன் பழைய கம்ப்யூட்டரில் டுமீல், டுமீல். மனசுக்குள் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டை ஏற்றிக்கொண்டு கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.