இடமாற்றம் தண்டனையாகுமா?

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில் அமைந்த அக்குறணை, வணிகத்தாற் செழித்த ஊர். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அவ்வூர் முஸ்லிம் மக்கள் அமானிதம் என்பர். அதிற் கைவைத்தவனை எந்த வணிகனும் அடுத்த கடைக்குப் பரிந்துரைத்து அனுப்பான். பொருளுக்குரிய இந்நெறி, பாடசாலையை நம்பி ஒப்படைக்கப்படும் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகின்றது?

ஆசிரியரொருவர்மீது பாலியல் முறைப்பாடு எழுந்தால், இன மத வேறுபாடின்றி இலங்கையர் பலர் நாடும் தீர்வு ஒன்றே: அதிபர் அறையிற் சமரசம், பெற்றோருக்கு மௌனம், ஆசிரியருக்கு இடமாற்றம். 2025 ஏப்ரலில் கொழும்பில் 16 வயது மாணவியொருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் தொடர்பான முறைப்பாட்டுக்கு உள்ளான ஆசிரியர் முன்னரே வேறொரு பாடசாலைக்கு மாற்றப்பட்டிருந்தார். மக்கள் வீதிக்கிறங்கிய பின்னரே, மே மாதத்தில், கல்வியமைச்சு அவரைக் கட்டாய விடுமுறையில் அனுப்பியது. குற்றம் செய்தாரா என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது. ஆயின், முறைப்பாடு நிலுவையிலிருக்கையில் அவரை வேறு பிள்ளைகள்முன் நிறுத்திய பொறுப்பு நிருவாகத்தினுடையதே.

சட்டம் போதாதென்று எவரும் தப்பவியலாது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 1995 இல் திருத்தப்பட்டபோது, பாலியற் தொந்தரவும் பாரதூரமான பாலியற் துஷ்பிரயோகமும் தனிக் குற்றங்களாக வரையறுக்கப்பெற்றன. 16 வயதுக்குட்பட்ட மாணவி இணங்கினாள் என்ற ஆசிரியரின் வாதம் அச்சட்டத்தின்முன் நில்லாது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையும் உருவாயிற்று. 1929 என்னும் இலக்கத்தில் எவரும் முறையிடலாம். இந்தியாவின் 2012 ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் இன்னும் ஒருபடி மேற்சென்று, அறிந்தும் அறிவியாத நிறுவனத் தலைவர்க்கு ஓராண்டுவரை சிறை விதிக்கின்றது. 2021 இல் கோயம்புத்தூரில் மாணவியொருத்தி உயிர்துறந்தபோது, ஆசிரியரோடு பள்ளி முதல்வரும் கைதானார்.

பொய் முறைப்பாடுகளும் எழலாமே என்பர் சிலர். எழலாம். அவற்றைப் பொய்யென நிறுவுவதும் விசாரணையே. இடமாற்றமோ குற்றமற்றவரைக் களங்கத்தோடு அனுப்புகின்றது. குற்றவாளிக்குப் புதியதொரு வகுப்பறையை அளிக்கின்றது. குடும்ப மானம் கெடுமே என்பர் வேறு சிலர். மானம் இழந்தவர் தீங்கிழைத்தவரேயன்றித் தீங்குற்ற பிள்ளையன்று.

ஆதலின், முறைப்பாடு கிடைத்த அன்றே அதிபர் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். விசாரணை முடியும்வரை ஆசிரியர் எந்த வகுப்பறையிலும் நுழையலாகாது. பிள்ளையின் பெயர் காக்கப்படல் வேண்டும். பள்ளிவாசல், கோயில் நிருவாகத்தாரும் பழைய மாணவர் சங்கத்தாரும் இடைநின்று சமரசம் பேசுதலை ஒழித்து, நீதிமன்ற வாயில்வரை அப்பிள்ளைக்குத் துணைசெல்லுதல் வேண்டும்.