டிரைவர் பேச்சும் ஒரு லாக் ஃபைல்தான்

மு.கு: நான் மெக்கானிக் இல்லை. படிச்சது இன்ஜினியரிங், பொழைக்கறது சாஃப்ட்வேர்ல. லாரியைப் பத்தி எழுத என்ன தகுதின்னு கேட்டா, மாமா நாமக்கல்ல ஒரு லாரி வெச்சிருக்கார், அவ்வளவுதான். தப்பு இருந்தா விஷயம் தெரிஞ்சவங்க வந்து தலையில குட்டுங்க, வாங்கிக்கறேன் :-)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப மாமா வீட்டு வாசல்ல ரெண்டு டயர் கெடந்துச்சு. முன் டயர். வாங்கி நாலு மாசம்கூட ஆகலை. உள்ளங்கையை டயர் மேல குறுக்கே தடவுனா ஒரு பக்கம் வழவழன்னு போகுது, திருப்பித் தடவுனா ரம்பம் மாதிரி அறுக்குது.

"பாத்தியா மாப்ள, இப்படி ஓட்டுனா டயர் என்னத்துக்கு ஆகும்? சம்பளத்துல புடிச்சாத்தான் புத்தி வரும்"னார் மாமா. வண்டி ஓட்டற அண்ணனைத்தான் சொல்றார். ஆறு வருஷமா இதே வண்டியில இருக்கறவர். ஏற்கனவே ஒரு மாசம் புடிச்சும் ஆச்சாம்.

அதுக்கு முன்னாடி வண்டிக்கு என்னென்ன பண்ணீங்கன்னு கேட்டேன். ரெண்டு தடவை அலைன்மென்ட் பாத்தாச்சு. டை ராடு எண்டு ரெண்டும் மாத்தியாச்சு. ஷாக் அப்சார்பர் மாத்தியாச்சு. டயரும் மாத்தியாச்சு. எதுக்கு ஷாக் அப்சார்பர்னு கேட்டா, "பட்டறையில சொன்னாங்க". எங்க ஆபீஸ்ல சர்வர் மெதுவா ஓடுதுன்னு கஸ்டமர் கத்துனா முதல்ல ரீஸ்டார்ட் பண்ணுவோமே, அதே வைத்தியம். என்ன ஒண்ணு, எங்க ரீஸ்டார்ட்டுக்குக் காசு கிடையாது.

என் கட்சி இதுதான் மக்களே. பார்ட்ஸ் மாத்தறது வேற, கோளாறு கண்டுபிடிக்கறது வேற. கண்டுபிடிக்காம மாத்துற ஒவ்வொரு பார்ட்டும் பந்தயம் கட்டற மாதிரிதான். அதுல தோத்தா அந்தக் காசை டிரைவர் தலையில கட்டறது அநியாயம்.

அண்ணன்கிட்ட தனியா டீக்கடையில பேசுனேன். "வண்டி ரைட்ல இழுக்குதுங்க தம்பி. ரோடு இடப்பக்கம்தான சரிஞ்சு இருக்கும், கையை விட்டா லெஃப்ட்லதான போகணும்? இது ரைட்ல போகுது. தொப்பூர் கணவாய்ல லோடோட எறங்கறப்ப லெஃப்ட்ல ஒடிச்சுப் புடிச்சுக்கிட்டேதான் எறங்கறனுங்க. பின்னாடி வர்ற வண்டிக்காரங்க வேற, உன் வண்டி கோணலா ஓடுதுன்னு சொல்றாங்க. மொதலாளிகிட்ட சொன்னா, உனக்குத்தான் கோணல்ங்கறார்."

தொப்பூர் இறக்கம் எப்படின்னு பெங்களூர்ல இருந்து சேலம் பக்கம் பஸ்ல வர்றவங்களுக்கே தெரியும். அங்க லோடு லாரியோட ஸ்டீயரிங்கை ஒரு பக்கமா இழுத்துப் புடிச்சுக்கிட்டு இறங்கறதை நினைச்சா எனக்கு டீ உள்ள இறங்கலை.

சரி, நாமதான் பெரிய புத்திசாலியாச்சே! ரெண்டு முன் டயரையும் இடம் வலம் மாத்திப் போட்டுப் பாக்கச் சொன்னேன். டயர்ல கோளாறுன்னா இழுக்கற பக்கமும் கூடவே மாறணும். மாறலை. என் ஞானம் அதோட காலி.

அப்புறம் ஊர்க்கோடியில இருக்கற ஒரு வயசான மேஸ்திரிகிட்ட வண்டியைக் கொண்டுபோனோம். மனுஷன் ஸ்பானரைத் தொடவே இல்லை. கால் மணி நேரம் அண்ணனைக் கேள்வி கேட்டார். எப்பவும் இழுக்குதா, பிரேக் மிதிச்சா மட்டுமா? (மிதிச்சா மட்டும்னா முதல்ல பிரேக்கைத்தான் பாக்கணுமாம்.) லோடுலயா, காலியிலயா? ஒரு வேகத்துல மட்டும் ஆடுதா? திருப்பத்துல ஒடிச்சுட்டு விட்டா ஸ்டீயரிங் தானா திரும்பி வருதா? நேரா போறப்ப ஸ்டீயரிங் எந்தப் பக்கம் சாஞ்சு நிக்குது?

அடுத்து வண்டியைத் தரையிலயே நிறுத்தி, இஞ்சின் ஓட, அண்ணனை ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமா ஆட்டச் சொன்னார். இவர் கீழ படுத்து டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடுன்னு ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கையை வெச்சுப் பாத்தார். தேஞ்ச ஜாயின்ட்ல ஒரு பக்கம் அசைஞ்சும் மறுபக்கம் கொஞ்சம் கழிச்சுத்தான் அசையும், அது கைக்குத் தெரியும்கறார். ஜாக்கி போட்டுத் தூக்கினா இந்த ஆட்டம் சரியாத் தெரியாது, வண்டி வெயிட் மேல இருக்கணுமாம்.

பிறகுதான் முன் ஆக்சிலைத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்துட்டு, சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினார். லேசா ஆட்டம். உடனே "பிரேக்கை மிதி"ன்னார். ஆட்டம் நின்னுச்சு. நின்னா வீல் பேரிங் லூஸ், நிக்காம ஆடுனா கிங்பின் தேய்மானம். ஒரு மிதியில ரெண்டு கோளாறைப் பிரிச்சுட்டார்! பேரிங்கை டைட் பண்ணினார். இந்த இழுப்புக்குக் காரணம் இது இல்லைன்னும் அவரே சொல்லிட்டார்.

அடுத்தது எனக்கு ரொம்பப் புடிச்சது. டிராக் லிங்க்கைக் கழட்டிட்டு சக்கரத்தைக் கையால திருப்பினார். ஸ்டீயரிங் கனமா இருக்குன்னு வர்ற வண்டிக்கு இதுதான் முதல் சோதனையாம். சக்கரம் சுலபமா திரும்புனா கோளாறு மேல, ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம். திரும்பலைன்னா கீழ, கிரீஸ் காணாத கிங்பின், திரஸ்ட் பேரிங் பக்கம். பைனரி சர்ச்! நாங்க இன்டர்வியூவுல கேக்கறோம், இவர் கிரீஸ் கையோட பண்றார். இந்த வண்டியில சக்கரம் லேசாத் திரும்புச்சு, கையை விட்டா நின்ன இடத்துல நின்னுச்சு. "முன்னாடி ஒண்ணும் இல்ல, பின்னாடி போங்க"ன்னார்.

காயாத மண்தரையில தண்ணி தெளிச்சு வண்டியை நேரா ஓட்டச் சொன்னார். தடத்தைப் பாத்தா பின் சக்கரத் தடம் ரெண்டு பக்கமும் ஒரே அளவுல விழலை. வண்டி நண்டு மாதிரி நடந்திருக்கு. டேப் எடுத்து, கமான் பட்டையோட முன் பின்ல இருந்து பின் ஆக்சிலோட நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் 12 மி.மீ. கூட.

நடந்தது இதுதான். பட்டைக் கட்டையும் ஆக்சிலையும் சேத்து இறுக்கிப் புடிக்கறது யூ போல்ட். சென்டர் போல்ட்டோட தலை ஆக்சில்ல இருக்கற குழியில உக்காந்து, அது இடத்தை விட்டு நகராம பாத்துக்கும். யூ போல்ட் லூஸானா மொத்த பாரமும் அந்தச் சின்ன போல்ட் மேல விழுந்து அது அறுந்துடும். அப்புறம் பிரேக் போடப் போட ஆக்சில் ஒரு பக்கமா பின்னாடி நகரும். இடப்பக்கம் பின்னாடி போனா பின் சக்கரங்கள் இடது பக்கம் பாத்து உருளும், மூக்கு வலப்பக்கம் திரும்பும். டிரைவர் அதை எதிர்த்து லெஃப்ட்ல புடிப்பார். முன் டயர் கோணலாவே ரோட்டைத் தேய்க்கும். வாசல்ல கெடந்த ரம்பம் அப்படி வந்ததுதான்.

அலைன்மென்ட்ல ஏன் தெரியலை? ரெண்டு தடவையும் முன் சக்கரத்தோட டோ மட்டும் சரி பண்ணிட்டு, ஸ்டீயரிங்கை நேரா நிக்க வெச்சு அனுப்பிட்டாங்க. கோளாறை விட்டுட்டு அது தெரியறதை மட்டும் மறைச்சாச்சு. எர்ரரைப் புடிச்சு அமுக்கிட்டு ஒண்ணும் எழுதாம விடற கோடு மாதிரி. (நானும் எழுதியிருக்கேன், மறைக்க வேணாம்.)

புது சென்டர் போல்ட், புது யூ போல்ட், ஒரு நாள் வேலை. லோடோட ஒரு டிரிப் போய்ட்டு வந்து யூ போல்ட்டை மறுபடி டைட் வெக்கணும்னு மேஸ்திரி கண்டிப்பாச் சொன்னார். போன வருஷம் பட்டை மாத்தினப்ப அதைச் செஞ்சீங்களான்னு கேட்டதுக்கு மாமா வானத்தைப் பாத்தார்.

மாமா பக்கமும் நியாயம் இருக்கு. வண்டி ஒரு நாள் நின்னா இ.எம்.ஐ. நிக்காது, டீசல் விலையும் சுங்கமும் சேர்ந்து கழுத்தை நெரிக்குது. "கண்டுபுடிக்கறேன்னு ரெண்டு நாள் நிறுத்தறதுக்கு, ஒரு பார்ட்டை மாத்திட்டு அனுப்பலாம்"னு தோணறது இயல்பு. ஆனா மேஸ்திரிக்கு மொத்தமா ஆனது அரை நாள். ரெண்டு அலைன்மென்ட், டை ராடு எண்டு, ஷாக் அப்சார்பர், டயர் எல்லாத்தையும் கூட்டிப் பாருங்கன்னு பேப்பர்ல எழுதியே காட்டினேன். அவர் கூட்டலை. அத்தை கூட்டினாங்க.

வண்டி இப்ப கையை விட்டா லேசா இடப்பக்கம் போகுது, ரோடு சரிவுக்கு எப்படிப் போகணுமோ அப்படி.

பி.கு: சம்பளத்துல புடிச்ச காசை மாமா திருப்பிக் கொடுத்துட்டார். ஆனா மேஸ்திரிகிட்ட போன அதே வாரத்துல அண்ணன் வேற ஒரு டிரெய்லருக்குப் பேசி முடிச்சுட்டாராம். மாமா போன் பண்ணிக் கூப்பிட்டப்ப, "பாக்கலாமுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டாராம்.