வானம் முதலில், கம்ப்யூட்டர் பிறகு

சிறுவர் பகுதிக்கென ஓர் அன்பர் அளித்த நன்கொடையைக் கொண்டு, வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்று வாங்குவது என்று நம் சங்கத்தின் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. நல்ல தீர்மானம். ஆனால், எந்தத் தொலைநோக்கி என்ற கேள்வி எழுந்தபோது, "கம்ப்யூட்டர் உள்ளதாகவே வாங்கிவிடலாம், பட்டனை அமுக்கினால் அதுவே சனி கிரகத்தைக் காட்டிவிடும், நமக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை" என்று பலரும் சொன்னார்கள். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இதை எழுதத் தூண்டியது. அது உண்மையும் அல்ல, நம் பிள்ளைகளுக்கு நல்லதும் அல்ல என்பது என் தாழ்மையான கருத்து.

நான் வானியல் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தியோடலைட்டையும் லெவலையும் பல ஆண்டுகள் தோளில் சுமந்த பழக்கம், ஓய்வுக்குப் பிறகு தொலைநோக்கியின் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஆகவே, அறிஞனாக அல்ல, கருவிகளோடு பழகியவனாகச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

கம்ப்யூட்டர் தொலைநோக்கி என்பது என்ன? சாதாரணத் தொலைநோக்கியைத் தாங்கும் பீடத்தில் இரண்டு மோட்டார்கள் இருக்கும். ஒன்று இடவலமாகத் திருப்பும், மற்றது மேலும் கீழும் திருப்பும். கையில் பிடிக்கும் ரிமோட் போன்ற பெட்டியில் ஆயிரக்கணக்கான வான்பொருள்களின் இருப்பிடம் பதிவாகியிருக்கும். பெயரைத் தேர்ந்தெடுத்தால் கருவி தானே அந்தத் திசைக்குத் திரும்பும். அதன் பிறகு, பூமி சுழல்வதற்கு ஈடுகொடுத்து அதைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். 1992-இல் அமெரிக்காவில் மீட் நிறுவனம் எல்எக்ஸ்200 என்ற கருவியை வெளியிட்டது முதல் இந்த வசதி பொழுதுபோக்காகப் பார்ப்பவர்களிடையே பரவலாயிற்று.

ஆனால், பெட்டியைப் பிரித்து ஸ்விட்சைப் போட்டவுடன் அதற்குத் தான் எங்கே நிற்கிறோம், எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று எதுவும் தெரியாது. சர்வே வேலை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். டோட்டல் ஸ்டேஷனை வயல் நடுவே நிறுத்தி, மட்டம் பார்த்து, முன்பே தெரிந்த இரண்டு புள்ளிகளைக் கணக்கில் கொடுத்த பிறகுதான் மூன்றாவது புள்ளியை நம்பிக் குறிக்க முடியும். தொலைநோக்கியும் அப்படியே. ஊர், தேதி, நேரம் ஆகியவற்றைக் கொடுத்து, தெரிந்த இரண்டு நட்சத்திரங்களைக் கண்ணாடியின் நடுவே கொண்டுவந்து, "இது ஆர்க்டூரஸ், இது ஸ்பைகா" என்று நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நட்சத்திரம் தெரியாதவர் எதைச் சொல்லிக்கொடுப்பார்?

கொடுக்கும் விவரத்திலும் கண்ணிகள் உண்டு. பல கருவிகளில் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில், தேதி அடுத்தது. மார்ச் 4 என்பதை நம் வழக்கப்படி 04/03 என்று பதிந்தால், அது ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும். ஒரே கடிகார நேரத்தில் பார்த்தால் ஒரு மாதத்தில் வானம் சுமார் 30 டிகிரி நகர்ந்திருக்கும். நம் நேரம் கிரீன்விச்சைவிட 5.30 மணி முன்னால் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். கோடைக்கால நேரம் என்ற அமைப்பை அணைத்துவைக்க வேண்டும். அதை அணைக்காவிட்டால் ஒரு மணி நேரம், அதாவது 15 டிகிரி பிசகும். முழுநிலவின் அகலம் அரை டிகிரிதான் என்பதால், முப்பது நிலவுகளை வரிசையாக வைத்த அளவுக்குத் தள்ளிப் போய் நிற்கும்! தீர்க்கரேகையில் கிழக்குக்குப் பதில் மேற்கு என்று விட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சில மாதிரிகளில் பெயர் தெரியாமலே மூன்று பிரகாசமான பொருள்களைக் காட்டினால் போதும். வேறு சிலவற்றில் செல்போன் கேமரா வானத்தைப் படம் பிடித்துத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால், இயந்திரம் சரியாகப் போகும்போது யாருக்கும் கஷ்டம் இல்லை. அது தவறும்போது, தவறிவிட்டது என்று கண்டுபிடிக்கவாவது ஒருவர் வேண்டாமா? ஒன்றும் தெரியாதவர், வெற்று வானத்தைக் காட்டினாலும் அதுதான் நெபுலா என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

ரயில்வேயில் ஒரு நடைமுறை உண்டு. எத்தனை அனுபவம் உள்ள லோகோ பைலட்டானாலும், புதிய செக்‌ஷனில் தனியாக வண்டி ஓட்டுவதற்கு முன் 'ரோடு லேர்னிங்' செய்தாக வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எந்த சிக்னல் எந்தப் பக்கம் என்று கூடவே பயணம் செய்து தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது வட இந்தியப் பனிமூட்டத்தில், அடுத்து சிக்னல் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ஜி.பி.எஸ். கருவி இன்ஜினில் வைக்கப்படுகிறது. மிகவும் நல்ல கருவி. ஆனால் அது வந்துவிட்டது என்பதற்காக ரோடு லேர்னிங்கை யாரும் ரத்து செய்யவில்லை. கருவி, தெரிந்தவனுக்குத் துணை. தெரியாதவனுக்குப் பதிலாள் அல்ல.

இந்த விஷயத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை எந்த ஊரில் பிறந்திருந்தாலும், "உன் நட்சத்திரம் என்ன?" என்று கேட்டால் சொல்லிவிடும். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர். ஆனால் அந்த நட்சத்திரத்தை வானத்தில் காட்டச் சொன்னால், பிள்ளை மட்டுமல்ல, தாத்தாவும் விழிப்பார். கருவியின் பட்டியலில் ஆல்டெபரான் என்று இருப்பது நம் ரோகிணி. ரெகுலஸ் மகம். ஸ்பைகா சித்திரை. ஆர்க்டூரஸ் சுவாதி. அன்டாரெஸ் கேட்டை. பீட்டல்ஜூஸ் திருவாதிரை. ஆல்டேர் திருவோணம். எல்லாமே வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற, நகர வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கிற நட்சத்திரங்கள். நான் ஜோதிடம் பேசவில்லை. பெயர் ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கிறது, அதற்கு உரிய புள்ளியைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றுதான் சொல்கிறேன். இந்த ஏழையும் காட்டத் தெரிந்த பிள்ளைக்கு, வருடத்தின் எந்த மாதத்திலும் கருவிக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றிரண்டு நட்சத்திரங்கள் கைவசம் இருக்கும்.

அதோடு பூகோளமும் வரும். சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரி உயரத்தில் நிற்கும். நம் நாக்பூரில் 21 டிகிரி. அதற்கு நேர்மாறாக, தெற்கே அகத்தியர் என்று நாம் சொல்லும் கனோபஸ் சென்னையில் 24 டிகிரி வரை ஏறும்; இங்கே 16 டிகிரியோடு இறங்கிவிடும். ஊரை விட்டு எவ்வளவு தூரம் வடக்கே வந்திருக்கிறோம் என்பதை ரயில் டிக்கெட் இல்லாமல் வானமே சொல்லும். இதைப் பிள்ளைக்கு எந்தப் பட்டனும் சொல்லாது.

அடுத்து, பணத்தைப் பற்றி. தொலைநோக்கியின் உயிர் அதன் வாய் அகலம், அதாவது ஒளியை வாங்கும் கண்ணாடியின் விட்டம். ஒளி சேர்க்கும் திறன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 100 மி.மீ. கருவியைவிட 200 மி.மீ. கருவி நான்கு மடங்கு ஒளியை வாங்கும். பெட்டியின் மேல் '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மி.மீ. கணக்கில் விட்டத்தைப் போல இரண்டு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் எல்லை. 60 மி.மீ. கருவிக்கு 120 மடங்கு; அதற்கு மேல் போனால் மங்கலான குழப்பம்தான் பெரிதாகத் தெரியும். ஒரே தொகையில் வாங்கும்போது மோட்டாருக்கும் கம்ப்யூட்டருக்கும் கொடுக்கும் பணம் இந்தக் கண்ணாடியின் அகலத்திலிருந்துதான் கழிகிறது. பட்டியலில் ஆயிரக்கணக்கில் பொருள்கள் இருந்து என்ன பயன்? சிறிய கண்ணாடிக்கு, அதுவும் நகர வானத்தில், அவற்றில் பெரும்பாலானவை தெரியாது.

கம்ப்யூட்டர் இல்லாமல் பெரிய கண்ணாடியை எளிய மரப்பெட்டியில் உட்காரவைத்துக் கையால் தள்ளித் திருப்பும் வகைக்கு டாப்சோனியன் என்று பெயர். இதைப் பரப்பிய ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்து, மடத்தைவிட்டு வந்த பிறகு, நடைபாதையில் நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு நிலவைக் காட்டியவர். 2014-இல் தம் 98-ஆவது வயதில் மறைந்தார். பாமரருக்கு வானத்தைக் காட்ட வேண்டும் என்ற நோக்கத்தில் பிறந்த கருவி, சங்கத்துக்குப் பொருந்தாமல் போகுமா?

மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு இரண்டு பெரிய நன்மைகள் உண்டு. முதலாவது, தொடர்தல். 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்வைப் பரப்பு சுமார் அரை டிகிரிதான். பூமியின் சுழற்சியால் சனி கிரகம் அதை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். இருபது பிள்ளைகள் வரிசையில் நின்றால், டாப்சோனியனை ஒவ்வொருவருக்கும் முன்னால் தள்ளிச் சரிசெய்ய வேண்டும்; மோட்டார் உள்ளது தானே பிடித்து வைத்திருக்கும். இரண்டாவது, வெளிச்சம் நிறைந்த நகரத்தில் வழிகாட்ட நட்சத்திரங்களே குறைவு. முதுகு வளையாத, முழங்கால் மடங்காத என் போன்றவர்களுக்கும் அது சௌகரியம். ஆகவே நான் கம்ப்யூட்டரின் எதிரி அல்லன். வரிசை எது என்பதுதான் என் வாதம்.

2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்ற கருவிகளைப் பற்றியும் சில அன்பர்கள் கேட்டார்கள். 50 மி.மீ. லென்ஸும் கேமராவும் கொண்ட இதில் கண் வைத்துப் பார்க்கும் இடமே கிடையாது. படம் செல்போனில் வந்துவிடும். நகரத்திலிருந்தே நெபுலாவை வண்ணத்தில் படம் எடுப்பது சாதாரண சாதனை அல்ல. ஆனால் நம் பிள்ளைகள் நாள் முழுவதும் பார்ப்பது செல்போன் திரையைத்தான். வியாழனையும் அதிலேயே காட்டுவதற்கு மொட்டை மாடிக்கு எதற்கு அழைத்துப் போக வேண்டும்? சனியின் வளையம் நேராகத் தன் கண்ணில் விழும்போது பிள்ளை 'ஆ' என்று சொல்லுமே, அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தப் பணத்தைச் செலவிடுகிறோம். 2025-இல் விளிம்பாகத் தெரிந்து கோடு போல் மெலிந்த அந்த வளையம், 2032 வாக்கில் நன்றாக விரிந்து நிற்கும். சரியான காலத்தில்தான் தொடங்குகிறோம்.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை இது. முதலில் 10x50 அளவுள்ள இரண்டு பைனாகுலர்களும் ஒரு நட்சத்திர வரைபடமும் வாங்கலாம். கார்த்திகைக் கூட்டத்துக்கும் நிலவின் பள்ளங்களுக்கும் அதுவே போதும். அடுத்து 150 அல்லது 200 மி.மீ. டாப்சோனியன். மழைக்காலம் முடிந்து நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் ஒரு மாலை, முதல் அரை மணி நேரம் வெறும் கண்ணால் நட்சத்திரப் பெயர்கள், பிறகு கருவி. 2024-இல் இந்தியாவின் முதல் இருண்ட வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்ற பென்ச் நம் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போகலாம். அடுத்த ஆண்டு பத்துப் பிள்ளைகளாவது ஏழு நட்சத்திரங்களைத் தாமே காட்டினால், தாராளமாகக் கம்ப்யூட்டர் பீடம் வாங்கலாம். அப்போதும் கண்ணாடி 125 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சிறிய பேட்டரிகளை நம்பாமல் 12 வோல்ட் மின்கலமும் சேர்த்து வாங்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். சூரியனைத் தொலைநோக்கியின் வழியாகவோ பைனாகுலரின் வழியாகவோ ஒரு கணமும் பார்க்கக் கூடாது. முன்வாயை முழுதும் மூடும் முறையான வடிகட்டி இருந்தால் தவிர, பகலில் கருவியைத் திறக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிகா ஜெல் போட்டு உலர்ந்த இடத்தில் வைக்கவும், வைத்ததை அவ்வப்போது எடுத்துப் பார்க்கவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஆவலோடு வாங்கிய பொருள்கள் பீரோவில் தூங்குவது எந்தச் சங்கத்திலும் புதிதல்ல. பெரும்பாலும் அவை பழுதாகித் தூங்குவதில்லை. இயக்கத் தெரிந்தவர் இல்லாமல்தான் தூங்குகின்றன.

நன்கொடை அளித்த அன்பர் ஒரு கருவியைச் சங்கத்துக்குக் கொடுக்க விரும்பவில்லை, வானத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்புகிறார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். முதல் பருவத்து வகுப்புகளை நடத்த நான் தயார். மாற்றுக் கருத்துள்ள அன்பர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். அதையும் படித்துவிட்டுச் செயற்குழு முடிவெடுக்கட்டும்.