மூணு கொக்கி

பி.காம். படித்தவனிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். பற்று எது, வரவு எது, தேய்மானம் எத்தனை சதவீதம்... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால், இருபது அடி இரும்புக் குழாயைக் கையில் கொடுத்து, 'மொட்டை மாடியில் நிறுத்து' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வாரக் கதை!

எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஊர்க் கோடியில். செல்போன் சிக்னல் எங்களுக்குப் பணக்கார சொந்தம் மாதிரி. இருக்கிறது என்று தெரியும்; வீட்டுக்குள் வராது. மாடியில் தண்ணீர் டேங்க் ஓரம் ஒற்றைக் காலில் நின்றால் இரண்டு கோடு தெரியும். நானோ பத்திரிகைக்கு எழுதியது போக மீதி நேரத்தில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். (இரண்டில் எது சோறு போடுகிறது என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள்.) மாதா மாதம் 20-ம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். மடியில் லேப்டாப், ஒரு கையில் குடை, தலைக்கு மேல் காக்கா... மனுஷன் பிழைப்பா சார் இது?

"அவுட்டோர் ஆன்டெனா வாங்குங்க. இருபது அடி உயரத்துல டவரைப் பார்த்து மாட்டுங்க. நெட்டு பறக்கும்!" என்றார் கடைக்காரர்.

பறந்தது. நெட் இல்லை, ஆன்டெனா!

* * *

இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு ஜி.ஐ. பைப் வாங்கி வந்தேன். நண்பன் ஒருத்தனைக் கூட்டு சேர்த்துக்கொண்டு, வாசல் பக்கக் கைப்பிடிச் சுவரில் இரண்டு கிளாம்ப் அடித்து, குழாயைச் செருகி முடுக்கினேன். பாதுகாப்புக்கு ஒரு நைலான் கயிறு. டேங்க் பைப்பில் ஒரு கட்டு. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கீழே வந்து வாசலில் நின்று இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தேன். ராமேஸ்வரத்து டி.வி. கோபுரம் 323 மீட்டராம். என் கண்ணுக்கு என்னுடையதுதான் உயரமாகத் தெரிந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, உங்கப்பா மூணு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுவாரே?"

"அதெல்லாம் அந்தக் காலம்மா."

அந்தக் காலம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்த பிறகு எங்கள் கடற்கரைப் பக்கமெல்லாம் வீட்டு மாடிகளில் குழாய் முளைத்தது. மெட்ராஸ் தூரம், இலங்கை பக்கம். சிங்களம் ஒரு எழுத்து புரியாது. அதனால் என்ன, படம் தெரிகிறதே! அப்பாவும் முப்பது அடிக்கு ஒரு கம்பம் நட்டார். உச்சியில் மீன் முள் மாதிரி ஆன்டெனா. காற்றடித்தால் முள் திரும்பும். அப்பா மாடிக்கு ஓடுவார். கீழே நாங்கள் "இன்னும்... இன்னும்... ஐயோ போச்சு, பழையபடி திருப்புங்கப்பா!" என்று கத்துவோம்.

1996 மார்ச் 13 மறக்கவே மறக்காது. உலகக் கோப்பை அரை இறுதி, கல்கத்தா. எனக்கு எட்டு வயசு. சச்சின் 65-ல் ஸ்டம்பிங் ஆன நேரம் பார்த்துத் திரையில் புள்ளி மழை. அப்பா மாடிக்குப் போய்க் குழாயைத் திருப்பினார். திருப்பத் திருப்ப விக்கெட் விழுந்தது. "ஸ்கோர் என்னடா?" என்று மேலேயிருந்து கேட்டார். 98-க்கு 1 என்று இருந்தது 120-க்கு 8 ஆகியிருந்தது. யார் சொல்வது? சொன்னதும் ரொம்ப நேரம் அவர் இறங்கியே வரவில்லை. தான் கம்பத்தைத் தொட்டதால்தான் தோற்றோம் என்று கடைசி வரை நம்பினார், பாவம்.

அந்தக் கம்பம் 2018 நவம்பரில் கஜா புயலையும் பார்த்தது. விடிந்தபோது கொல்லையில் ஒரு தென்னை மிச்சமில்லை. மாடியில் கம்பம் மட்டும் நின்றது. முள் இரண்டு வளைந்திருந்தது, அவ்வளவுதான். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கினார். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார்.

2021 அக்டோபரோடு தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்தியது. இனி இந்த இரும்பு எதற்கு என்று கம்பத்தைக் கழற்றி எடைக்குப் போட்டேன். தொள்ளாயிரம் ரூபாய். வணிகவியல் பட்டதாரி அல்லவா, லாபம் என்று எழுதிக்கொண்டேன்!

* * *

ஐப்பசி மழை. ராத்திரி முழுக்கக் காற்று. விடியற்காலை நாலரை மணிக்கு 'தடால்' என்று ஒரு சத்தம். டார்ச்சோடு ஓடினேன்.

கைப்பிடிச் சுவரில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு என் கோபுரம் தெருப் பக்கம் சாய்ந்திருந்தது. நைலான் கயிறு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. குழாயின் நுனிக்கும் தெரு கரண்ட் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். காற்று அடிக்க அடிக்க அந்த முழம் ஒரு சாண் ஆகி, மறுபடி முழம் ஆயிற்று.

கீழே வாசலில் ஏழெட்டு செங்கல். அம்மா தினம் நாலரைக்கு உட்கார்ந்து கோலம் போடும் இடம்.

"மழையில கோலம் நிக்காதுன்னு படுத்துட்டேன்டா" என்றாள் அம்மா, பின்னால் வந்து நின்று.

எனக்குக் கால் நடுங்கியது. கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவின் சிநேகிதர், ரிட்டயர்டு லைன்மேன் மாமா, சைக்கிளில் வந்தார். நான் குழாயை இழுக்கப் போனேன். "தொடாதே!" என்று ஒரு அதட்டல். அவரே ஈ.பி.க்கு போன் போட்டு லைனை நிறுத்தச் சொன்னார். ஆள் வந்து நிறுத்தி, நிறுத்தியாயிற்று என்று உறுதி சொன்ன பிறகுதான் குழாயில் கை வைத்தார். இறக்கிய பிறகு எனக்குப் பாட்டு.

"தம்பி, காத்து ரெண்டு மடங்கானா கம்பத்து மேல அழுத்தம் ரெண்டு மடங்கு ஆகாது. நாலு மடங்கு ஆகும். அவ்வளவும் அடியில வந்து நெம்பும். நீ என்னடான்னா மழைக்கு ஊறின கைப்பிடிச் சுவத்துல கட்டி வச்சிருக்கே. அது மனுஷன் விழாம இருக்கக் கட்டினது, கம்பம் நிக்கக் கட்டினது இல்லை."

"கயிறு கட்டினேனே மாமா..."

"ஒரு பக்கம் கட்டினா அது மாட்டுக்கு. கம்பத்துக்கு மூணு பக்கம் கட்டணும்."

பிறகு பின்பக்கம் மாடிப்படி அறைக்கு அழைத்துப் போனார். அப்பாவின் கம்பம் இருந்த இடம். அங்கிருந்து தெருக் கம்பிக்கு அடி எண்ணச் சொன்னார். ஐம்பது வந்தது.

"அப்பா ஏன் இங்க வச்சார் தெரியுதா? கம்பத்து உயரம் மாதிரி ஒன்றரை மடங்காவது கரண்ட் கம்பிக்கு எட்ட இருக்கணும். விழவே விழாதுன்னு யாரும் சொல்ல முடியாது. விழுந்தா நம்ம மாடியிலயே விழணும்."

இருபது வருஷமாகப் பார்த்த கம்பம். அது ஏன் அங்கே நின்றது என்று ஒரு நாளும் கேட்டதில்லை நான்.

* * *

வேலை முழுசாக ஒரு நாள் பிடித்தது. படி அறையின் கனமான சுவரில் இரண்டு கிளாம்ப். ஒன்றுக்கொன்று நாலடி தள்ளி. பக்கத்துப் பக்கத்தில் அடித்தால் பிரயோஜனமில்லையாம். குழாயின் தலைக்கு மழைத்தண்ணீர் இறங்காமல் மூடி. அடியில் சின்ன ஓட்டை, உள்ளே வேர்க்கும் தண்ணீர் வடிய. பதினைந்தடி உயரத்தில் ஒரு வளையம். அதிலிருந்து மூன்று திசையில், சம இடைவெளி விட்டு, மூன்று ஸ்டே கம்பி. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் விறைப்பாக இழுத்தால் குழாய் வில்லாகிவிடும். இடிக்குப் பாதுகாப்பாகக் குழாயிலிருந்து பூமிக்கு ஒரு எர்த் கம்பி. இடி நேராக இறங்கினால் அதுவும் முழு உத்தரவாதமில்லை, மழை கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடு என்றார் மாமா.

ரவுட்டரைப் படி அறைக்குள்ளேயே வைத்தோம். ஒயர் நீளமாக ஆக, சிக்னல் வழியிலேயே செலவாகிவிடும். டி.டி.எஸ். பிடித்த சம்பளம் மாதிரி!

"ஸ்டே கம்பி மாட்ட கொக்கி அடிக்கணுமே மாமா, டிரில்லர் வாங்கிட்டு வரவா?"

அவர் சிரித்தார். தளத்தைக் காட்டினார். சரியாக மூன்று இடத்தில், கான்கிரீட்டுக்குள் புதைத்த விரல் கனக் கம்பி, கொக்கியாக வளைந்து நின்றது. "வீடு கட்டி தளம் போடறப்பவே உங்கப்பா வைக்கச் சொன்னது. நான்தான் வளைச்சுக் கொடுத்தேன்."

மூன்றையும் எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா துணி காயப்போடும் கொடி கட்டுகிற கொக்கி. இத்தனை வருஷமும் அதற்குத்தான் வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா ஒவ்வொன்றிலும் ஏறி நின்று உலுக்கிப் பார்த்தார். துருவைச் சுரண்டினார். உள்ளே இரும்பு அப்படியே இருந்தது. நான் படித்த கணக்குப்படி தேய்மானம் கழித்தால் அதன் மதிப்பு இன்றைக்கு ஒரு ரூபாய்கூடத் தேறாது. மாமா, "இன்னும் இருபது வருஷம் வரும்" என்று சொல்லிக் கம்பியை மாட்டினார்.

இப்போது நாலு கோடு தெரிகிறது. 20-ம் தேதி ரிட்டர்னை நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே போட்டேன். காற்று அடிக்கிற ராத்திரிகளில் மட்டும் எழுந்து போய் மூன்று கம்பியையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன். அப்பாவும் இப்படித்தான் போவார்.

அம்மாவுக்குத்தான் கோபம் ஆறவில்லை. ஈரத் துணி வாளியோடு மாடியில் நின்று கேட்கிறாள்:

"சிக்னல் இருக்கட்டும்டா, கொடியை எங்க கட்டறது?"