பயிர்க் காப்பீட்டில் மயில் சேதம்: சங்கத்தின் நிலைப்பாடு

வனவிலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதத்தையும் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துக்குள் கொண்டுவருவதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரிப் பருவத்திலிருந்து இது நடைமுறைக்கு வருகிறது. எந்தெந்த விலங்கு, எந்தெந்தப் பகுதி என்பதை மாநில அரசுதான் பட்டியலிட்டு அறிவிக்க வேண்டும். தமிழ்நாட்டின் பட்டியலில் மயில் இடம்பெற வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மானாவாரிப் பகுதி அதில் குறிக்கப்பட வேண்டும். இதுவே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. செயற்குழு இரண்டு அமர்வுகளில் பேசி, சில உறுப்பினர்களின் மாற்றுக் கருத்தையும் பதிவு செய்துகொண்டு, இதை ஏற்றிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் சங்கம் கொடுத்த மனுக்களும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களும் உறுப்பினர்கள் அறிந்தவையே. அவற்றை இங்கே மறுபடி எழுதவில்லை.

மயிலைக் கொல்ல அனுமதி கேட்கிறோம் என்று சிலர் பேசி வருகிறார்கள். அப்படி நாங்கள் கேட்கவில்லை. கபிலர்மலை, காளிப்பட்டி முருகன் கோயில்களுக்குப் போய்வரும் குடும்பங்கள்தாம் இந்தச் சங்கத்தில் இருக்கின்றன. மயிலிறகு கட்டிய காவடியைத் தோளில் சுமந்து பழனிக்கு நடந்தவர்கள் செயற்குழுவிலேயே பாதிப்பேர். மயில் முருகனின் வாகனம் என்பதை எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விஷம் வைப்பதையும் சங்கம் எந்த வகையிலும் ஏற்கவில்லை. 2018இல் மதுரைப் பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்ட மயில்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்த செய்தியைப் படித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியும். மருந்து கலந்த தானியத்தைத் தின்று மயில் மட்டும் சாவதில்லை. கவுதாரி சாகிறது, வீட்டுக் கோழி சாகிறது, காவல் நாய் சாகிறது. எங்கள் உறுப்பினர் ஒருவர் மீதுள்ள வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதைப் பற்றி இந்த அறிக்கை எதுவும் சொல்லாது. ஒரு கேள்வியை மட்டும் பொதுவாக வைக்கிறோம். வேளாண் துறை பரிந்துரைத்த மருந்தில் விதை நேர்த்தி செய்து விதைத்த கடலையை மயில் கிளறித் தின்று, பக்கத்து வேலியில் செத்துக் கிடந்தால், விஷம் வைத்தவன் என்று யாரைப் பிடிப்பீர்கள்? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள மயிலைக் கொன்றதாகத் தீர்ப்பானால் மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை, இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். விதை நேர்த்தி செய்யவே எங்கள் ஆட்கள் இப்போது பயப்படுகிறார்கள்.

இனி, சேதம் என்றால் என்ன என்பதைப் பேசியாக வேண்டும். நகரத்தில் இருப்பவர்கள் மயில் இரண்டு தக்காளியைக் கொத்திவிட்டுப் போவதாக நினைக்கிறார்கள். கொத்தத்தான் செய்கிறது. தக்காளி, மிளகாய், சோளக்கதிர் எதையும் விடுவதில்லை. ஆனால் எங்களை உடைத்துப்போடுவது விதைப்பு நேரத்துச் சேதம். ஆடி மழைக்கு மேட்டாங்காட்டை உழுது, ஏக்கருக்கு ஐம்பது கிலோ கடலைப் பருப்பைச் சாலில் போட்டு மூடிவிட்டு வீடு வந்தால், மறுநாள் விடியலில் அந்தச் சாலோடு மயில் நடந்து வருகிறது. ஏர் போன தடம் அதற்குத் தெரிகிறது. ஒரு கிளறல், ஒரு பருப்பு. இரண்டடி தள்ளி இன்னொரு கிளறல், இன்னொரு பருப்பு. ஒரு சேவலும் ஏழெட்டுப் பெட்டைகளும் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் பத்துப் பன்னிரண்டு சால் காலி. தப்பி முளைத்ததையும் பருப்பிலை விரியும்போது கிள்ளிப்போடுகிறது.

விதைத்ததிலிருந்து செடி வேர்பிடித்து நிற்கும்வரை ஏறக்குறைய பத்து நாள். அந்தப் பத்து நாளும் காட்டில் ஆள் நிற்க வேண்டும். இருட்டோடு போய் வெயில் சுள்ளென்று அடிக்கும்வரை நிற்க வேண்டும். மறுபடி மூன்று மணிக்குப் போய், மயில் மரமேறி அடையும்வரை நிற்க வேண்டும். யார் நிற்கிறார்கள்? மூட்டு வலியோடு பாட்டி நிற்கிறார். கைக்குழந்தையை வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு மருமகள் நிற்கிறார். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை தகரத்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறது; இதை எழுத எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம். பழைய சேலைகளைக் குச்சியில் கட்டிக் காட்டைச் சுற்றி வேலி போட்டாயிற்று. மினுங்கும் நாடா கட்டிப் பார்த்தாயிற்று. நான்கு நாளில் மயிலுக்கு எல்லாம் பழகிவிடுகிறது. மனுஷி நின்று கத்துவது ஒன்றுதான் பலிக்கிறது. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கேட்கும்போது உழவு, விதை, உரம், களை என்று செலவு சொல்கிறோம். காவல் என்று ஒரு வரி சொல்ல நமக்கே தோன்றியதில்லை. வீட்டுப் பெண்கள் கூலி கேட்காததால் அந்தச் செலவு யார் கண்ணுக்கும் படாமல் போயிற்று.

ஒரு குறைதீர் கூட்டத்தில், விதை போய்விட்டால் இன்னொரு முறை விதைக்கலாமே என்று அதிகாரி ஒருவர் கேட்டார். மானாவாரியில் இன்னொரு முறை என்பது கிடையாது. ஈரம் ஒரு தடவைதான் வரும். இரண்டாவது விதைப்பு காய்ந்த மண்ணில் விழும். முளைத்தாலும் முன்னது ஒரு வயதும் பின்னது ஒரு வயதுமாகக் காடு நிற்கும். பறிக்கும்போது பாதி முற்றியிருக்கும், பாதி பிஞ்சாக இருக்கும். இதைத் தெரியாதவர் வேளாண்மை பற்றிய கூட்டத்தில் மேடையில் உட்கார்ந்திருப்பது எங்கள் தலைவிதியா என்று கேட்க வேண்டியிருக்கிறது. (கடைசி வாக்கியத்தின் கடுமை குறித்துச் செயற்குழுவில் ஆட்சேபம் எழுந்தது. பெரும்பான்மை முடிவின்படி அது அப்படியே வைக்கப்படுகிறது.)

புதிய காப்பீட்டு ஏற்பாட்டில் இரண்டு இடர் இருக்கிறது. சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறிப்போடு கூடிய படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். யானை மிதித்த வாழையைப் படம் எடுக்கலாம். பன்றி புரட்டிய மரவள்ளிக் காட்டைப் படம் எடுக்கலாம். மயில் தின்ற விதை மண்ணுக்குள் இருந்தது. மிஞ்சியிருப்பது விரல் அளவு குழி. அதைப் படம் எடுத்தால் வெறும் மண்தான் தெரியும். ஆகவே விதைப்புக்கால மயில் சேதத்தை முளைப்பு எண்ணிக்கையை வைத்து மதிப்பிட வேண்டும். விதைத்த பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ சதுர மீட்டருக்கு எத்தனை செடி என்று எண்ணிப் பார்த்தால் போதும். வேளாண் அலுவலர்கள் எல்லோருக்கும் தெரிந்த முறைதான்.

இரண்டாவது இடர் இதைவிடப் பெரிது. பாதிப்புள்ள பகுதிகளை முந்தைய ஆண்டுகளின் பதிவை வைத்து மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்கிறது அறிவிப்பு. மயில் சேதத்துக்குப் பதிவு எங்கே இருக்கிறது? எங்கள் உறுப்பினர்களில் மயில் சேதத்துக்கு இழப்பீடு வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. இழப்பீடு கிடைக்காது என்று தெரிந்ததால் பலர் மனுவே கொடுக்கவில்லை. மனு இல்லாததால் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் சேதமே இல்லை என்று ஆகிவிடும். பதிவு செய்யாமல் விட்டது நிர்வாகம். அதன் பலனை மேட்டாங்காட்டுக்காரன் அனுபவிக்க வேண்டுமா?

மயில் பறவைதானே, விலங்குப் பட்டியலில் எப்படி வரும் என்ற ஐயம் யாருக்கும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கப்படி பறவையும் விலங்கே.

ஓமலூர் வட்டத்து உறுப்பினர்கள் வலியுறுத்தியதால் சேலம் விமான நிலையத்தைப் பற்றியும் சொல்கிறோம். கமலாபுரத்தில் 1993இல் தொடங்கி, பல முறை நின்று, 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வரத் தொடங்கிய நிலையம் அது.  விமானத்தில் பறவை மோதினால் என்ன ஆகும் என்பதை அரசு நன்றாக உணர்ந்திருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் விலங்கை அறுக்கவோ குப்பை கொட்டவோ கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை. ஓடுதளத்தில் பறவை இறங்காமல் பார்க்க ஆள் போடுகிறார்கள். வெடி போடுகிறார்கள், ஒலிக்கருவி வைக்கிறார்கள், புல்லின் உயரத்தைக்கூட அளந்து வெட்டுகிறார்கள். நியூயார்க்கில் 2009 ஜனவரி 15 அன்று கனடா வாத்துக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் நின்றுபோய், 155 பேரோடு ஒரு விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். அதன் பிறகு அந்த நகர நிர்வாகம் விமான நிலையங்களைச் சுற்றியிருந்த வாத்துகளைப் பிடித்துக் கொன்றது. முட்டைகளில் மக்காச்சோள எண்ணெய் பூசிக் குஞ்சு பொரிக்காமலும் செய்தது.

விமானத்தில் போவோர் உயிர் பெரியது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. எங்கள் பிள்ளைகளும் சேலம் விமானத்தில்தான் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் போகிறார்கள். ஆனால் சுற்றுச்சுவருக்கு உள்ளே பறவை இறங்கினால் அது அரசின் பொறுப்பு. சுவருக்கு வெளியே இறங்கினால் விவசாயியின் தலையெழுத்து. அங்கே வெடி போடுபவருக்குச் சம்பளம். இங்கே வெடி போடுபவரிடம் விசாரணை. இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? சட்டத்தில் வேட்டை என்பதில் கொல்வது, பிடிப்பது ஆகியவற்றோடு விரட்டுவதும் அடங்கும். என்றாலும், பயிரைக் காக்க ஓசை எழுப்பி விரட்டுவது அதில் வராது என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம். அப்படியானால் வனத்துறை அதை எழுத்தில் தரட்டும். விரட்டலாம், இன்னின்ன வகையில் விரட்டலாம் என்று தமிழில் ஒரு பக்கச் சுற்றறிக்கை எல்லா ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டப்படட்டும். இதற்குப் பணம்கூடத் தேவையில்லை.

காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் ஒரு வழி பிறந்தது; காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். மயிலுக்கும் அதே வழி வேண்டும், அட்டவணை ஒன்றிலிருந்து அதை இறக்க வேண்டும் என்று செயற்குழுவில் நால்வர் வாதிட்டார்கள். அவர்கள் வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதை மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். நிற்கும் பயிருக்குச் சேதம் என்ற காரணத்துக்காக நடவடிக்கை எடுக்கச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் அட்டவணை ஒன்றில் உள்ளவற்றுக்கு அது பொருந்தாது. மனித உயிருக்கு ஆபத்து என்றாலோ, அந்த உயிரினம் மீள முடியாத ஊனமோ நோயோ உற்றிருந்தாலோதான் அங்கே கதவு திறக்கும். மயில் யாரையும் கொல்வதில்லை; ஒரு பட்டத்து வெள்ளாமையைத்தான் கொல்கிறது. என்றாலும், தேசியப் பறவையின் பாதுகாப்பைக் குறைக்கும் கோரிக்கையைச் சங்கம் தற்போதைக்கு முன்வைப்பது உசிதமாகாது என்பது பெரும்பான்மையின் கருத்து. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, கொல்லாமலும் விஷமிடாமலும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவும் வேறு தகுந்த இடத்துக்கு மாற்றவும் ஒன்றிய அரசின் முன் அனுமதியோடு வழி தருகிறது. முட்டைகளைப் பொரிக்காமல் செய்வது இதற்குள் அடங்குமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. அதை வனத்துறை சட்ட ஆலோசனை பெற்றுத் தெளிவுபடுத்துவது நல்லது.

மயில் ஏன் இப்படிப் பெருகிற்று என்பதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாட்டில் வேகமாகப் பெருகும் பறவைகளில் ஒன்றாக மயிலைச் சொல்கிறது. எங்கள் பகுதியில் தரிசாக விட்ட நிலத்திலும் மனை போட்டு விற்காமல் கிடக்கும் இடத்திலும் சீமைக்கருவேலம் அடர்ந்து, அது தரையில் முட்டையிடத் தோதான மறைவைத் தந்திருக்கிறது. அந்த முட்டையைத் தின்ன ஒரு காலத்தில் வங்காநரி இருந்தது. வாழப்பாடிப் பக்கம் காணும் பொங்கலுக்கு வங்காநரியை வலைவைத்துப் பிடித்துக் கோயிலுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை வனத்துறை தடுத்தபோது நம்மில் பலர் கோபப்பட்டோம். அந்தக் கோபத்தைக் கொஞ்சம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சங்கம் கருதுகிறது. நரி இருந்த காட்டில் மயிலும் அளவோடு இருந்தது என்று பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

இரண்டு மாவட்டங்களிலும் எத்தனை மயில்? எங்களிடம் கணக்கில்லை. இலங்கையில் 2025 மார்ச் 15 அன்று காலை எட்டு மணி முதல் எட்டு ஐந்து வரை, அவரவர் தோட்டத்தில் தெரிந்த குரங்கு, மயில், மர அணில்களை நாடு முழுவதும் மக்களையே எண்ணச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கை எவ்வளவு துல்லியம் என்பதில் விவாதம் இருக்கலாம். ஒரு அரசு எண்ண வேண்டும் என்று நினைத்ததே பெரிது. வனத்துறையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து இங்கே ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் எங்கள் கிளைகள் அனைத்தும் ஆள் தரும்.

சாலையில் மயில் குறுக்கே பறந்து இருசக்கர வண்டிகள் விழுவது குறித்துத் தனி மனு தயாராகிறது. மறுபுறம், மயில் பாம்பையும் பூச்சியையும் தின்று உதவுகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறோம்.

உறுப்பினர்களுக்கு: வரும் ஆடிப்பட்டத்திலிருந்து, விதைத்த நாள் முதல் பதினைந்து நாளுக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, சர்வே எண், பயிர், வந்த மயில்கள் எத்தனை, கிளறப்பட்ட சால்கள் எத்தனை, காவலுக்கு நின்றவர் யார், எத்தனை மணி நேரம் என்று எழுதினால் போதும். நின்றவர் பெயரை விடாமல் எழுதுங்கள். நோட்டின் நகலை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அசலை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.