குற்றமற்ற வீரர்கள் எமக்கு வேண்டாம்

சென்ற மாதம் ஒடாஹுஹுவில் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்திருந்த பழைய சித்திரக்கதைத் தொகுப்பைக் கண்டதும் வயதில் மூத்த 'இலக்கியவாதி' ஒருவர் கேட்டார்: "தம்பி, கம்பஸுக்குப் போன நீர் இன்னும் இந்தக் குப்பையளை விடேல்லையோ? பிள்ளையளுக்கு எங்கட வீரர்களின்ர கதையைச் சொல்லாமல் வெள்ளைக்காரன்ர மாயாவியைக் காட்டுறீரோ?"

நான் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன். இப்போது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுபவன். அன்று வேலைக்கு நேரமாகிவிட்டதால் மறுமொழி சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அந்தத் தொகுப்பு 'ஸ்டீல் க்ளோ'. எமக்குத் தெரிந்த பெயரில் சொன்னால், இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரித்தானியாவின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய கதை. ஓவியர் பார்சிலோனாவில் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. 2021இல் ரெபெல்லியன் பதிப்பகம் இதைத் தொகுத்து மீண்டும் வெளியிட்டது. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழும் இதே மாயாவிதான். 1990களில், மாமாவின் றங்குப் பெட்டிக்குள் கிடந்த இதழ்களை ஜாம் போத்தல் விளக்கில் வாசித்தேன். மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகும் மனிதனின் கதை!

யார் இந்த மாயாவி? லூயிஸ் கிராண்டெல், ஓர் ஆய்வுகூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய்ந்தபோது உடல் மறைந்தது. இரும்புக்கை மட்டும் தெரிந்தது. அந்தச் சக்தியை வைத்து அவன் முதலில் செய்தது என்ன? களவும் அட்டூழியமும். பிறகுதான் திருந்தி, நிழற்படை என்ற உளவமைப்பில் சேர்கிறான்.

1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக எம்மிடம் வந்த ஸ்பைடரும் அப்படித்தான். குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டவன். அவனுடைய கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். 1938இல் 130 டொலருக்குச் சூப்பர்மேனின் உரிமையை விற்றுவிட்டு, பின்னாளில் பிரித்தானிய வார இதழுக்கு இந்தக் கள்வனின் கதையை எழுதிய மனிதர்.

இந்தக் கதைகளில் குறையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உலகத்தைக் காப்பாற்றுவது எப்போதும் வெள்ளைக்காரனே. பிள்ளைகளிடம் கொடுக்கும்போது அதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. மாயாவி பிழை செய்தவன் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியும். 'ஏன் இப்படிச் செய்தான்?' என்று கேட்டேன். கேட்டதற்காக யாரும் என்னைத் துரோகி என்று சொல்லவில்லை. மாமாவும் நானும் இரவிரவாகத் தர்க்கப்பட்டோம். மாயாவிக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

பெரியவர் சொல்லும் 'எங்கட வீரர்கள்' எப்படிப்பட்டவர்கள்? பிழையே செய்யாதவர்கள். எல்லா இயக்கத்தாரும் தங்கள் தங்கள் வீரர்களை அப்படித்தான் எமக்குத் தந்தார்கள். பிழையே செய்யாத வீரனைக் கும்பிடத்தான் முடியும், கேள்வி கேட்க முடியாது. கேட்டவர்களுக்கு எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2009 மே வரை அப்படித்தான் வந்து சேர்ந்தோம். இத்தனைக்குப் பிறகும், பனிக்கும் மழைக்கும் ஓடி வந்த நாடுகளில் மண்டபம் எடுத்து, அதே குற்றமற்ற வீரர்களைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம்.

இறந்தவர்களை நினைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மனிதர்களாக நினைப்போம் என்கிறேன்.

அன்று நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, நண்பரின் பத்து வயது மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இவர் நல்லவரோ கூடாதவரோ?" "வாசிச்சுப் பாரம்மா, பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பெரியவரே, நாளைக்கு அவள் அதே கேள்வியை உங்கள் வீரர்களைப் பற்றி உங்களிடம் கேட்பாள். அவளுக்கு என்ன மறுமொழி வைத்திருக்கிறீர்கள்?